முந்நூற்றறுபது மடங்கு

பிப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு எங்கள் கடையின் உள்ளறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு இந்தப் பக்கம், லேப்டாப் திரையைப் பார்த்தபடி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். இடது கோடியில் பான் சாங்கில். அவருக்கு அடுத்து அவருடைய அக்கா பான் யோன்ஹ்வா. அடுத்து நான். வலது கோடியில், மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில், கடை முதலாளி தாக். மேசைக்கு அந்தப் பக்கம், கதவுக்கு முதுகு காட்டி, ஓக்பூன் அம்மா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குத் திரையின் பின்பக்கம்தான் தெரியும். மேசைமேல் நான் வைத்திருந்த ஒரு தாள் மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதுவது என் வழக்கம். இந்த முறை அதற்குக் காரணமும் இருக்கிறது.

எங்கள் கடை வோன்ஜு நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருக்கிறது. குழந்தைகளின் முதல் பிறந்தநாள், கல்யாணம், தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான பாட வீடியோ எல்லாம் செய்வோம். பாட வீடியோக்களில் ஆசிரியர் மூச்சு விடும் இடங்களையும் தண்ணீர் குடிக்கும் இடங்களையும் வெட்டி எடுப்பது என் வேலை. அப்படி வெட்டியதையும் மாணவர்கள் இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரப் பாடம் கடைசியில் இருபத்திரண்டு நிமிடம்.

சாங்கிலும் யோன்ஹ்வாவும் கொண்டுவந்தது வேறு மாதிரியான வேலை. அவர்களுடைய அப்பா பான் தோக்சூவுக்கு எண்பத்தொரு வயது. முப்பது வருடம் வோன்ஜுவுக்கும் யோங்வொல்லுக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, போன வசந்தத்திலிருந்து யோங்வொல்லில் ஒரு முதியோர் மருத்துவமனையில், மூன்றாவது மாடியின் கோடி அறையில் கிடக்கிறார். அசைவில்லை, நினைவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முதுகில் ஒரு படுக்கைப் புண் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய சம்பளத் துணையாள் ஓக்பூன் அம்மா அதைச் செய்யவில்லை என்று சாங்கிலுக்குச் சந்தேகம். அதனால் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் ஒரு சின்னக் கேமராவை மாட்டினார்கள். இருபது நாள் பதிவை என்னிடம் கொடுத்து, எத்தனை முறை புரட்டினார் என்று எண்ணித் தரச் சொன்னார்கள்.

இன்னொன்றும் இருந்தது. மூச்சு நின்றால் இயந்திரம் வைக்க வேண்டாம் என்ற தாளில் சாங்கில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். யோன்ஹ்வா மறுத்துக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே இருக்கிறார் என்று அவருக்கு நம்பிக்கை. இருக்கிறாரா இல்லையா என்பதுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் கிடந்த கேள்வி. அதற்குப் பதில் சொன்னவன் நான். தவறாகச் சொன்னவனும் நான்.

இருபத்துநான்கு மணி நேரப் பதிவைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இருபது நாளைக்கு முப்பது மணி நேரம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். ஓக்பூன் அம்மா ஒரு முறைகூடத் தவறவில்லை. பதினாறு மடங்கில் அவர் அறைக்குள் எலி மாதிரி ஓடினார். புரட்டினார், துடைத்தார், போனார், வந்தார். கிழவரின் வலது கையை எப்போதும் வயிற்றின்மேல், மடித்த துண்டின்மீது வைத்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் வேலையில் அந்தக் கையின் ஆள்காட்டி விரலைக் கவனித்தேன். இருந்த இடத்தில் இல்லை. வேகத்தை அறுபது மடங்காக்கினேன். விரல் ஊர்ந்தது. முந்நூற்றறுபது மடங்காக்கினேன். ஆறு மணி நேரம் ஒரு நிமிடமாயிற்று. பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை, அந்த ஒரு நிமிடத்தில், பான் தோக்சூவின் விரல் துண்டின்மேல் எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் ஓக்பூன் அம்மா வந்து கையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தபோதும், விட்ட கோட்டிலிருந்தே தொடர்ந்தது. இருபது நாளும் ஒரே எழுத்து.

பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் விரல்நுனி போன தடங்களையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்கி, தாளில் அச்செடுத்து மேசைமேல் வைத்தேன்.

"தம்பி, சீக்கிரம் காட்டுங்க. பன்னண்டு மணிக்கு நான் உல்சானுக்குக் கிளம்பணும்" என்றார் சாங்கில்.

"சீக்கிரமா?" என்றார் முதலாளி. "ஆறு மணி நேரத்த ஒரு நிமிஷத்துல காட்டப் போறான் எங்க கொசு. இதுக்கு மேல சீக்கிரம்னா நேத்தே வந்திருக்கணும் நீங்க."

என் பெயர் மோ கிசோப். முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் மோகி, அதாவது கொசு. பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர். முதலாளி எங்கிருந்தோ கண்டுபிடித்துவிட்டார்.

வீடியோவை ஓட்டினேன். முடிந்ததும் தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். மேலே அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கோடு. நடுவில் ஒரு படுக்கைக்கோடும் அதன்மேல் நிற்கும் ஒரு காம்பும். கீழே ஒரு பெட்டி. மூன்று துண்டும் அடுக்கி நின்றால் ஒரு சொல்; எங்கள் எழுத்து தெரிந்த எந்தக் குழந்தையும் படித்துவிடும். 'கோம்'. கரடி.

யோன்ஹ்வா தாளைத் தொடவில்லை. கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னத்தான் கூப்பிடறாரு" என்றார்.

சாங்கில் எங்கள் பக்கம் திரும்பி, "இவளுக்கு வீட்டுல அதான் பேரு" என்றார். "மந்தமா இருக்கறவங்கள அப்படிச் சொல்வோம்ல. இவ ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நான் பள்ளிக்கூடம் போயிட்டே வந்துடுவேன். அப்பா பஸ்ஸ எடுக்காம ஹாரன் அடிச்சுட்டே இருப்பாரு. கோம், கோம், சீக்கிரம் வாம்மான்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நேரத்தில் ஓக்பூன் அம்மா தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தார். எழுந்து போய் அதை இழுத்துப் பார்த்து, நன்றாக அழுத்திச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாத்தித்தான் இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

குளிருகிறது போல என்று முதலாளி அடுப்பை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

சாங்கில் கையெழுத்துப் போடவில்லை. ஓக்பூன் அம்மாவிடம் எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். யோன்ஹ்வா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். "இனிமே நானே இருந்து பாத்துக்கறேன். கூப்பிடறப்ப நான் பக்கத்துல இல்லாம வேற யார் இருக்கறது?" இரண்டு நாளில் ஓக்பூன் அம்மா காங்னுங்கில் வேறொரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். கேமரா அப்படியே இருக்கட்டும், அப்பா அடுத்து என்ன எழுதுகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று யோன்ஹ்வா கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் அவருக்குப் போன் செய்வது என்று ஏற்பாடு.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி நன்றாகப் பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்த படுக்கை போட்டிருக்கிறார்கள், அதிலேயே உட்காருகிறேன், தூங்குகிறேன் என்றார்.

"வேற ஏதாவது எழுதினாராப்பா?"

"அதேதான் அக்கா. தினமும் 'கோம்'."

"பாரேன். பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இன்னும் கூப்பிட்டுட்டு இருக்காரு. நான் மந்தம்னா இவரு எனக்கு மேல மந்தம்."

இருபத்தெட்டாம் தேதி பேசும்போது நான் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். லைன் கிடைக்கவில்லையோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கும் அளவுக்கு நேரமானது. பிறகு, "சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்று வந்தது. களைப்பு என்று நினைத்தேன். என் தொழிலில் இடைவெளியைக் கண்டால் வெட்டத்தான் கை போகும். மனதுக்குள் அதை வெட்டிவிட்டு மேலே பேசினேன்.

மார்ச் ஏழாம் தேதி போனை எடுத்தார். பேசவில்லை. "அக்கா, அக்கா" என்று நான்கு நிமிடம் கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பத்தாம் தேதி திங்கட்கிழமை பதிவைப் பார்த்தபோது விரல் வேறொன்றை எழுதியிருந்தது. முன்போலவே தடங்களைச் சேர்த்து அச்செடுத்தேன். எனக்குப் படிக்க முடியவில்லை. வலது பக்கம் ஒரு மூலை மடிந்த கோடு, இடது பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அதிலிருந்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கொம்பு. எங்கள் மொழியில் அப்படி ஓர் எழுத்தே கிடையாது. கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தாளை மேசைமேல் வைத்தேன்.

முதலாளி கிம்பாப் பொட்டலத்தோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டேய் கொசு. இதென்ன, 'போ'ன்னு கொட்டை எழுத்துல அச்சடிச்சு வச்சிருக்க? இப்பதானேடா வந்தேன்."

"என்ன?"

"'கா'. போ. எழுதியிருக்குல்ல. சாப்பாடு வாங்கிட்டு வந்தவன போகச் சொல்ற முதல் ஆள் நீதான்."

நான் எழுந்து மேசையைச் சுற்றி அவர் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் அது 'கா' என்ற எழுத்துதான். பிசிறில்லாமல் இருந்தது.

கேமரா கால்மாட்டுச் சுவரில் இருக்கிறது. கிழவர் எங்களைப் பார்த்து எழுதவில்லை. தன்னைப் பார்த்து, தன் வயிற்றின்மேல் எழுதுகிறார். கேமரா பார்ப்பது எல்லாமே தலைகீழ். நேராகப் படிக்க வந்துவிட்டதால் முதல் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரியாக இருக்கும் படத்தை யார் திருப்புவார்கள்?

பழைய தாளை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். திருப்பினேன். கீழே இருந்த பெட்டி மேலே வந்தது. காம்பு கீழே தொங்கியது. அரிவாள் அடியில் போய் மூலை மடிந்த கோடாக நின்றது.

'முன்' என்று இருந்தது. எங்கள் மொழியில் கதவு.

"ஓக்பூன் அம்மா அந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றார் முதலாளி வாயில் கிம்பாப்போடு.

முந்நூற்றறுபதை அறுபதாகக் குறைத்து, கோடுகளின் வரிசையைப் பார்த்தேன். முதலில் பெட்டி. பிறகு படுக்கைக்கோடு, பிறகு காம்பு, கடைசியில் மூலை. கரடியை எழுதுகிறவன் பெட்டியிலிருந்து தொடங்க மாட்டான். வரிசையைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள் என்று வரிசையை எடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் கொடுத்தேன்.

கதவு என்று எழுதியிருந்தால், கதவைப் பார்க்க வேண்டும். அந்த அறையின் கதவு கிழவரின் தலைமாட்டுப் பக்கம், பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் தெரியும். இருபது நாள் முழுக்க நான் விரலைத்தான் பார்த்தேன்.

வேகத்தைக் கூட்ட இரண்டு வழி உண்டு. முந்நூற்றறுபது படத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவது ஒரு வழி. சீக்கிரம் முடியும், நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம். முந்நூற்றறுபது படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஒரே படமாக்குவது இன்னொரு வழி. கணினி திணறும். ஆனால் ஒரு தனிப் படத்தில் கண்ணுக்கே தெரியாத மங்கல், அத்தனை படத்திலும் அதே இடத்தில் இருந்தால், கலக்கக் கலக்கத் திரண்டு மேலே வரும். ஓடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். நிற்பது மட்டும் தங்கும்.

ஜனவரிப் பதிவைக் கலக்கி ஓட்டினேன். ஓக்பூன் அம்மா ஒரு புகையாகக்கூட மிஞ்சவில்லை. கதவு, யாரும் தொடாமல், ஒரு விரற்கடை திறந்தது. உடனே சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தது. சாத்திக்கொண்டது. நாள் முழுக்க அப்படி. அந்த விரற்கடை இடைவெளியில், நடைபாதையில், ஒன்று நின்றது. கதவு நிலையின் உயரம் இருக்கும். முகம் என்று சொல்ல ஏதுமில்லை. ஈரச் சுவரில் பூக்கும் கறையின் நிறம்.

பிப்ரவரி பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகு கதவு சாத்தப்படவில்லை. இருபதாம் தேதி அது நிலைப்படியில் நின்றது. இருபத்தாறாம் தேதி உள்ளே. மருந்து வண்டியைத் தள்ளி வருகிற நர்ஸ், அந்த இடம் வந்ததும் காரணமில்லாமல் வண்டியை ஒரு முழம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகிறார். தனித்தனிப் படத்தில் பார்த்தால் அங்கே வெறும் தரைதான்.

மார்ச் எட்டாம் தேதிப் பதிவில் அது தாழ்ந்த படுக்கைக்குப் பின்னால் நின்றது. படுக்கையில் யோன்ஹ்வா உட்கார்ந்திருந்தார். நான் கணினியிலிருந்து கையை எடுத்தேன். அவர் கரைந்திருக்க வேண்டும். ஓக்பூன் அம்மா கரைந்த மாதிரி, நர்ஸ் கரைந்த மாதிரி. கரையவில்லை. முந்நூற்றறுபது மடங்கில், அத்தனை தெளிவாக, பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, ஒரு கரண்டிக் கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனார். நடுவில் தலையைத் திருப்பி, பின்னால் நிற்பதைப் பார்த்து, சிரித்தார்.

முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். கிம்பாப் கையிலேயே இருந்தது. "அந்தப் போன் கால்" என்றார் மெதுவாக. "நாலு நிமிஷம் பேசவே இல்லன்னியே. பதிவு இருக்கா?"

இருந்தது. வாடிக்கையாளர்கள் சொன்னதைச் சொல்லவில்லை என்பார்கள், அதனால் எல்லா அழைப்பையும் என் போன் பதிந்துகொள்ளும். நான்கு நிமிட மௌனத்தைப் பதினாறு மடங்காக்கினேன். பதினைந்து விநாடி. இரைச்சலுக்கு அடியிலிருந்து யோன்ஹ்வாவின் குரல் வந்தது. சந்தோஷமான குரல்.

"தம்பி, அப்பா நல்லா பேசறாருப்பா. வந்திருக்கறவரும் நல்லா பேசறாரு."

மறுநாள் பதினொன்றாம் தேதி யோங்வொல் போனேன். ஒன்றரை மணிக்கு மூன்றாவது மாடியில் இருந்தேன். "ரொம்ப நல்ல பொண்ணு" என்றார் நர்ஸ். "அசையாம உக்காந்து அப்பாவையே பாத்துட்டு இருக்காங்க. இந்தக் காலத்துல யாரு இருக்கா அப்படி?" அவரை வெளியே அழைத்து வாருங்கள் என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார். வீடியோ வெட்டுகிறவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அறைக்குள் போனேன். கதவு திறந்தே இருந்தது. கிழவரின் கண் பாதி மூடியிருந்தது. யோன்ஹ்வா முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த கஞ்சி ஆடை கட்டியிருந்தது. "அக்கா" என்றேன். அவருடைய கண்மணி என் பக்கம் திரும்பத் தொடங்கிய மாதிரி இருந்தது. தோளைத் தொட்டு எழுப்பலாம் என்று கையை நீட்டினேன்.

"சார். பாக்கற நேரம் முடிஞ்சுது சார்."

நர்ஸ் வாசலில் நின்றார். ஜன்னலில் மஞ்சள் வெயில். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது. என் கை இன்னும் அவர் தோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண் பாக்கி இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்றால், நர்ஸ் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நிற்கிறவர் இல்லை, பதினெட்டு அறையைப் பார்க்க வேண்டியவர். போனில் முதலாளியின் அழைப்புகள் ஏழு.

பேருந்து நிலையத்திலிருந்து சாங்கிலுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனம் வெறும் கோபம் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"கூப்பிடறாருன்னு சொன்னது நீங்கதானே? அதக் கேட்டுத்தானே அவ வீடு வாசல விட்டுட்டுப் போனா? இப்ப வந்து கூப்பிடல, கதவுன்றீங்க. சனிக்கிழமை வரைக்கும் என்னால வர முடியாது. அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க தம்பி, புண்ணியமாப் போகும்."

ஓக்பூன் அம்மா காங்னுங்கில் யாருக்கோ தலை சீவிக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

"கதவுன்னுதான் எழுதியிருந்துச்சு. நீங்கல்லாம் படிச்சவங்க, வேற என்னமோ பேசிட்டு இருந்தீங்க. நான் ஊர்ப்பேச்சு பேசறவ, நான் என்ன குறுக்கே சொல்றது?"

"அந்த ரூம்ல உங்களுக்கு ஒண்ணும் ஆகலயாம்மா?"

"நான் அந்த ரூம்ல உக்காந்தாத்தானே? அந்தக் கதவு தானா ஒரு விரக்கட திறந்துக்கும். போறப்ப வர்றப்பல்லாம் காலால ஒரு தள்ளு தள்ளிச் சாத்திட்டுப் போவேன். உக்காந்தா எந்திரிக்க மனசு வராது அங்க. தம்பி, அந்தப் பொண்ண உக்கார விடாதீங்க." அப்புறம் யாரிடமோ, "ஆடாம இருங்க பாட்டி" என்றார்.

நான் போனால் சிக்கிக்கொள்வேன். போனில் பேசினால், ஒரு நிமிடம் பேசியது அவருக்கு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. ஈ பறந்த சத்தம்கூட இல்லை. யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் மிஞ்சியது. கடிதத்துக்கு வேகம் கிடையாது. ஒட்டி வைத்த இடத்தில் நிற்கும். படிக்கிறவர் எந்த வேகத்தில் வந்தாலும் அது காத்துக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் தேதி காலை கடையில் உட்கார்ந்து எழுதினேன். இதே மாதிரிதான் தொடங்கினேன், யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று. பதினொரு பக்கம் வந்தது. பிறகு கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் படிக்க ஒரு நிமிடம் என்றால் அவருக்கு ஆறு மணி நேரம். பதினொரு பக்கத்துக்கு அறுபத்தாறு மணி நேரம். பக்கத்தைத் திருப்ப ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருவர் உள்ளே போக வேண்டும். எட்டாம் தேதியிலிருந்து அவருக்குப் பின்னால் நிற்பது நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் அறுபத்தாறு மணி நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

வெட்டினேன். நாள், தேதியை வெட்டினேன். கேமராவை வெட்டினேன். மன்னிப்புக் கேட்டதை மூன்று முறை படித்துவிட்டு வெட்டினேன். அப்பா உங்களைக் கூப்பிடவில்லை என்ற வரியில்தான் கை நின்றது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அதை எடுத்துவிட்டால் அவர் கையில் என்ன இருக்கும்?

முதலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அத ஏண்டா சொல்லிட்டு இருக்க? ரெண்டாவது எழுத்து யாருக்கு எழுதினாரு? வந்திருக்கறவனுக்கா? பொண்ணு வந்து உக்காந்தத பாத்துட்டுதானே 'போ'ன்னாரு? அப்பன் மகள்ட்ட பேசியிருக்கான். அது போதும். அவரு எழுதினதையே அனுப்பு."

அது சரி என்று பட்டது. இரண்டு தாளையும் நேராகத் திருப்பி, ஒரே அட்டையில் ஒட்டினேன். மேலே 'கதவு'. கீழே 'போ'. அப்பாவின் கையெழுத்தை அவர் அடையாளம் கண்டுகொள்வார். அடியில் நான் சேர்த்தது ஒரே வரி: "தலைகீழாகப் படித்துவிட்டேன்." மொத்தம் ஐந்து விநாடியில் படித்துவிடலாம். அவருக்கு அரை மணி நேரம்.

தலைமை நர்ஸுக்குத் தனியாக ஒரு சீட்டு. இதை யோன்ஹ்வா அவர்களின் கண் உயரத்தில், எதிர்ச் சுவரில் ஒட்டவும். சனிக்கிழமை வரை எடுக்க வேண்டாம். ஒட்டிவிட்டு உடனே வெளியே வரவும். நிற்க வேண்டாம். இந்தப் பக்கம் மேலே. கடைசி வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, அட்டையிலும் அம்புக்குறி வரைந்தேன்.

உறையில் போட்டேன். மடிப்பில் பசை தடவினேன். அழுத்தப் போனபோது பசை காய்ந்திருந்தது. மறுபடி தடவினேன். அதுவும் காய்ந்திருந்தது. மூன்றாம் முறை முதலாளி என் கையிலிருந்து உறையைப் பிடுங்கி, தானே தடவி, தானே அழுத்தினார். என்னைக் கொசு என்று கூப்பிடவில்லை. கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, தபால் நிலையம் வரை கூடவே வந்தார்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உறையை எடைபோட்டாள்.

"சார்."

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், நாலாவது தடவையா கேக்கறேன். வேகத் தபாலா, சாதாரணமா?"

"வேகம்" என்றார் முதலாளி என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவள் ஒரு வில்லையை ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த பைக்குள் போட்டாள். 'வேகம்' என்று சொல்ல நானும் வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.